ஒடுங்கிய பாதையும் உழைப்பின் சுவடுகளும்

பொறியொன்றின் வரலாற்றை, அதனை இயக்கிய உற்பத்தி உறவுகளினின்றும் பிரித்து நோக்குதல் பொருந்தாது. அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் மாநிலத்தில், 1947 முதல் உல்லாசப் பயணிகளை ஏற்றிச்சென்ற எடவில் புகையிரதத்தின் கதை இதற்குத் தக்க சான்றாகும்.

எடவிலின் நான்கு நீராவி இயந்திரங்களும் உல்லாசத்துக்கெனச் செய்யப்பட்டவையல்ல. அவை மெயின் மாநிலத்தின் பிரிட்ஜ்ரன், மொன்சன் பாதைகளில் உழைத்தவை. இப்பாதைகளின் அகலம் 2 அடி மாத்திரமே. பொதுப் பாதையின் அகலமோ 4 அடி 8½ அங்குலம். ஒடுங்கிய பாதைக்கு முதலீடு குறைவு. ஆயின் சந்திப்பு நிலையங்களில் மொன்சன் கற்பலகை முதலான சரக்குகளை ஒரு வண்டியினின்றும் மற்றொன்றுக்கு மாற்றியேற்ற வேண்டியிருந்தது. மூலதனம் மிச்சப்படுத்தியதைத் தொழிலாளரின் தோள்கள் ஈடுசெய்தன எனலாம்.

மோட்டார்ப் போக்குவரத்தின் போட்டியால் இப்பாதைகள் நலிவுற்றன. பிரிட்ஜ்ரன் பாதை 1941 இலும் மொன்சன் பாதை 1943 இலும் மூடப்பட்டன. அன்று செலவைக் குறைத்த அதே 2 அடி அகலம், இப்பொழுது அவ்வியந்திரங்களைப் பிற பாதைகளில் ஓடவியலாதனவாக்கியது. பழைய இரும்பு என்பதே அவற்றின் சந்தைப் பெறுமதியாயிற்று.

இந்நிலையில் அவற்றை வாங்கியவர், கிரான்பெரிப் பழத்தோட்ட உரிமையாளரான எல்லிஸ் அற்வூட். தோட்ட வேலைக்கு மணலும் பொருள்களும் ஏற்றவும் அவை பயன்பட்டன. பின்னர் கட்டணம் செலுத்திய பயணிகளே பிரதானமாயினர். சரக்கைக் கொண்டுசென்ற பொறி, தானே விற்பனைச் சரக்காயிற்று. உழைப்புக் கருவி காட்சிப் பொருளாயிற்று.

அற்வூட் 1950 இல் காலமானார். நிருவாகம் பலமுறை கைமாறியது. 1990களின் தொடக்கத்தில் ஓட்டம் நின்றது. 1993 இல் இயந்திரங்களும் பெட்டிகள் பலவும் மெயினின் போட்லண்ட் நகரில் அமைந்த ஒடுங்கிய பாதை அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தன. 1999 இல் எடவில் மீண்டும் திறக்கப்பட்டதாயினும், பழைய தொகுதி அங்கு திரும்பவில்லை.

பொறிகள் காப்பாற்றப்பட்டமை வரவேற்கத்தக்கதே. எனினும் காப்பாற்றப்படவேண்டியது இரும்பு மட்டுமன்று என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம். இயந்திரத்தின் பெயரும் ஆண்டும் அதன் வரலாறாகிவிடா. கற்சுரங்கத்திலும் சந்திப்பு நிலையத்திலும் சுமை தூக்கிய கைகளை நினைவுறுத்தும்பொழுதே, அருங்காட்சியகம் மக்கள் வரலாற்றின் ஏடாகின்றது.