ஓர் எழுத்துப் பிழை என்ன விலை?

இணைய முகவரியை முழுதாக அடித்தே தீர வேண்டியிருந்த காலத்தில், விரல் தவறுவதை நம்பிப் பிழைத்தவர்கள் உண்டு. பிரபலமான தளத்தின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் பதிவு செய்வார்கள். தவறி வந்தவர் முன் விளம்பரங்கள் விரியும். சிலர் சொடுக்கினாலே பதிவுக் கட்டணம் தேறிவிடும். அதைக்கூடக் கொடுக்காமல் ஓட்டியவர்கள் இருந்தார்கள். 5 நாளுக்குள் பெயரைத் திருப்பிக் கொடுத்தால் பணம் வாபஸ் என்ற சலுகைதான் காரணம். கூட்டம் வருகிறதா என்று பார்ப்பது, வராவிட்டால் திருப்பிவிடுவது! இணையப் பெயர்களை மேற்பார்வையிடும் ஐகான் அமைப்பு அதற்குக் கட்டணம் விதித்த பிறகே, 2009 வாக்கில் அந்தக் கூத்து ஓய்ந்தது.

இந்த எழுத்து விளையாட்டில் நம் சென்னை நிறுவனம் ஒன்றும் சிக்கியது. சத்யம் இன்ஃபோவே தன் பெயரைச் சுருக்கி ‘சிஃபி’ என்று வைத்துக்கொண்டது. இன்னொரு நிறுவனம் ஒரு ‘எஃப்’பைக் கூட்டி ‘சிஃப்பிநெட்’ என்று பதிந்தது. வழக்கு வந்தபோது, ‘சிஃப்பி’ என்பது எங்கள் ஐந்து நிறுவனர்களுடைய பெயர்களின் முதலெழுத்துகள்தான் என்றது எதிர்த்தரப்பு. உச்ச நீதிமன்றம் நம்பவில்லை. வணிகப் பெயருக்குள்ள பாதுகாப்பு இணையப் பெயருக்கும் உண்டு என்று 2004 மே மாதம் தீர்ப்பளித்தது.

இன்று அந்தச் சொடுக்கு வியாபாரம் வற்றிவிட்டது. 2008-ல் வந்த குரோம், முகவரிப் பட்டையையே தேடல் பெட்டியாக்கியது. பிழையாக அடித்தாலும் கூகுள் திருத்திக் கொடுக்கிறது. செல்போனிலோ முகவரியை அடிப்பவரே குறைவு, எல்லாம் செயலிதான்.

ஆனால் மின்னஞ்சல் முகவரியைத் திருத்திக் கொடுக்க யாருமில்லை. 2011-ல் இரண்டு ஆய்வாளர்கள், பெரிய நிறுவனங்களின் முகவரிகளில் ஒரு புள்ளியை மட்டும் விட்டுவிட்டுப் பெயர்களைப் பதிந்து காத்திருந்தார்கள். ஆறு மாதத்தில் 1,20,000 கடிதங்கள் தாமாக வந்து விழுந்தன. அமெரிக்க ராணுவத்தின் கதை இன்னும் மோசம். அதன் முகவரிகள் ‘மில்’ என்று முடியும். நடுவே ஓர் ‘ஐ’ விட்டுப்போனால் அது மாலி நாட்டு முகவரி. மாலியின் முகவரிகளை நிர்வகித்த டச்சுக்காரர், 2023 ஜனவரி முதல் சுமார் 1,17,000 கடிதங்களைச் சேர்த்துவைத்து அமெரிக்காவை எச்சரித்தார். ராணுவத் தளபதியின் இந்தோனேசியப் பயணத்துக்கான ஓட்டல் அறை விவரம்கூட அதில் இருந்தது. அந்த டச்சுக்காரருடைய ஒப்பந்தம் அதே ஆண்டு ஜூலையில் முடிந்து, நிர்வாகம் ரஷ்யாவுக்கு நெருக்கமான மாலி அரசின் கைக்குப் போனது.

ஆக, பிழைப் பெயருக்கு இன்னும் மதிப்பு உண்டு. ஆனால் அது திருடனுக்கும், திருட்டுக்கு அஞ்சும் உரிமையாளருக்கும்தான். நடுவில் நின்று விளம்பரத்தில் காசு பார்க்க நினைப்பவருக்கு வழக்குச் செலவுதான் மிஞ்சும்.

நம் ஊர்க் கடைக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது பிழை எது, சரி எது என்பதே தெரியாது. ‘ழ’கரத்துக்கு ஒருவர் ‘இசட் எச்’ போடுவார், இன்னொருவர் ‘எல்’ போடுவார். உங்கள் கடைக்கு இணையப் பெயர் வாங்கும்போது இரண்டையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.