சிவ்ரிக்கு வரும் விருந்தாளிகள்

ஹார்பர் லைனில் வேலைக்குப் போகும் நம்மவர்கள், குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு சிவ்ரியில் இறங்கிக் கடலோரம் நடந்தால், சேற்றில் பூநாரைகள் கூட்டமாக மேய்வதைக் காணலாம். கடல் வடியும் நேரம் பார்த்துப் போகவேண்டும். நீர் ஏறிவிட்டால் ஏமாற்றந்தான்! சேற்றுப் பாசியே அவற்றுக்கு இரை; இறகின் ரோஜா நிறமும் அதனால் வந்ததே.

தாணே கழிமுகத்தை 2015-ல் மகாராஷ்டிர அரசு பூநாரைச் சரணாலயமாக்கியது. 2022-ல் அது ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. ஆனால் சிவ்ரி அதன் எல்லைக்குள் இல்லை. நீர் ஏறும்போது பறவைகள் ஒதுங்கும் நவி மும்பை ஏரிகளும் இல்லை.

2024-ல் நெருலில் ஓர் ஏரிக்குக் கடல்நீர் வரும் வழி அடைபட்டது, பூநாரைகள் மடிந்தன. அக்கம்பக்கத்தார் விடாமல் முறையிட்டனர். 2025-ல் அந்த ஏரியைப் பாதுகாப்புப் பகுதியாக்க அரசு இசைந்தது.