பலகையில் பிறந்த ஓவியம்

ஓவியத்தின் அழகை மட்டும் கண்டு அமைவது நம்மிற் பலருக்கும் வழக்கம். வரைந்தவரின் வாழ்வையும் உடன்வைத்து நோக்கும்போதே அதன் பொருள் முழுமையாக விளங்கும். சூடான் நாட்டு ஓவியர் இப்ராஹீம் அல் ஸலாஹி இதற்குத் தக்க சான்றாவார்.

அவர் 1930இல் உம்துர்மான் நகரில் பிறந்தார். தந்தையார் குர்ஆன் ஓதிக்கொடுக்கும் ஆசிரியர். மதரசாவின் மரப்பலகையில் இறைவசனங்களை எழுதியும், அதனை அணிசெய்தும் பழகிய கையே பின்னர்த் தூரிகை பிடித்தது.

1954 முதல் 1957 வரை இலண்டன் ஸ்லேடு கலைப்பள்ளியில் பயின்று தாயகம் மீண்ட அவர், கார்ட்டூமில் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். மக்கள் பொருட்படுத்தவில்லை. குறை மக்களிடத்தன்று எனத் தெளிந்த அவர் நாடெங்கும் சுற்றினார்; தம் மக்கள் எவற்றை அழகெனப் போற்றுகின்றனர் என ஆராய்ந்தார். அரபு எழுத்தும் மரபுவழி அணிவேலைகளும் அவர் கண்ணைத் திறந்தன. ஓவியத்தின் மூலையில் சிறு அரபு வரிகளை எழுதினார். மக்கள் அருகில் வந்தனர். பின்னர் எழுத்துகளையே உடைத்துப் பிரித்தார். உள்ளிருந்து உருவங்கள் முகிழ்த்தன. 1961 முதல் 1965 வரை உருவான ‘குழந்தைக் கனவுகளின் மறுபிறவி ஒலிகள்’ என்னும் ஓவியத்தில், பருத்தித் துணிமீது எண்ணெய் வண்ணத்தையும் எனாமல் வண்ணத்தையும் இணைத்துள்ளார்.

1975இல் விசாரணையின்றிச் சிறையிலடைக்கப்பட்டு ஆறு திங்கள் துன்புற்றார். வரைதல் அங்கே குற்றம். கிடைத்த சிறுதாள்களில் மறைவாக வரைந்து மணலில் புதைத்தார். ஒரு சிறு கருவில் தொடங்கி, தாளோடு தாள் சேர்த்து ஓவியத்தை வளர்க்கும் முறை அத்துயரில் விளைந்ததே. ஒன்பது பகுதிகள் இணைந்த ‘தவிர்க்கவியலாதது’ (1984-85) என்னும் பேரோவியம் அம்முறையின் உச்சம் எனலாம்.

நைல் கரையின் ஹராஸ் மரம் மழைக்காலத்தில் இலை உதிர்த்து, வறட்சியில் தளிர்ப்பது. அதனையே அவர் பலமுறை வரைந்தார். முதுமையில் முதுகுவலி வருத்தியபோது மருந்துப் பெட்டிகளின் உட்புறத்திலும் வரைந்து, அவ்வரிசைக்கு ‘வலி நிவாரணம்’ எனப் பெயரிட்டார். 2013இல் இலண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடம் அவர்தம் வாழ்நாட் படைப்புகளைக் காட்சிப்படுத்திச் சிறப்பித்தது.

கருவியும் வசதியும் இல்லையே என வருந்தும் மாணவ நண்பர்கள் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மரப்பலகை, மறைத்துவைத்த தாள், மருந்துப் பெட்டி: கையில் வந்ததையெல்லாம் கலையாக்கினார் அவர். நாம் ஓதிய பள்ளியும் பேசும் மொழியும் நம் கையிலும் உள்ளன. வறட்சியிலும் தளிர்க்கும் அம்மரம் நமக்கும் பாடமாகட்டும்.