குடமா? குழாயா?

2020-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. பெங்களூருவின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கார்கள் வாரக்கணக்கில் அசையாமல் நின்றன. ஊரடங்கு தளர்ந்தபின் கிளப்ப முயன்றபோது, அவற்றுள் பல 'டக், டக்' என்று ஒலித்து அடங்கின. காரணம் எளிது. நிற்கும் காரிலும் கடிகாரம், திருட்டு எச்சரிக்கைக் கருவி போன்றவை சிறிதளவு மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். அதை ஈடுசெய்ய எஞ்சின் ஓடவில்லை.

பேட்டரியை ஒரு குடம் என்று கொள்வோம். குடத்தில் நீர் இல்லை என்றால் மூன்று காரணங்கள் இருக்கலாம். இருந்த நீர் செலவாகியிருக்கலாம், குடம் ஓட்டையாகியிருக்கலாம், குழாயில் நீர் வராமல் இருக்கலாம். காரில் அந்தக் குழாயின் வேலையைச் செய்வது ஆல்டர்னேட்டர் எனப்படும் மின்னாக்கி.

காரின் பேட்டரியில் ஈயத் தகடுகளும் கந்தக அமிலக் கரைசலும் உள்ளன. இவ்வகை பேட்டரியை 1859-இல் உருவாக்கியவர் பிரான்சு நாட்டின் காஸ்டன் பிளாண்டே. இதனுள் ஆறு மின்கலங்கள் வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். ஆகவே முழுமையாக நிறைந்த பேட்டரியின் அளவு 12.6 வோல்ட். எஞ்சினைக் கிளப்பும் மோட்டாருக்கு இதுவே ஆற்றல் தருகிறது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஒரு பெல்ட் ஆல்டர்னேட்டரைச் சுழற்றும். 1831-இல் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலின்படி அங்கு மின்சாரம் பிறக்கும். அது விளக்குகளை எரியச் செய்து பேட்டரியையும் நிரப்பும். சென்னை பாடியில், 1961-இல் தொடங்கப்பட்ட லூகாஸ்-டிவிஎஸ் நிறுவனம் இக்கருவிகளைச் செய்கிறது.

குறை குடத்திலா, குழாயிலா என்பதை மல்டிமீட்டர் என்னும் சிறிய கருவி காட்டிவிடும். பெரும்பாலான கார்களுக்குப் பின்வரும் அளவுகள் பொருந்தும்.

முதலாவதாக, கார் சில மணி நேரம் ஓய்ந்து நின்றபின் அளக்க வேண்டும். 12.6 வோல்ட் என்றால் பேட்டரி நிறைந்துள்ளது, 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 12-க்கும் கீழ் என்றால் வெறுமை.

இரண்டாவதாக, வெறுமையான பேட்டரியை மின்னேற்றி மறுபடியும் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். அப்போது அளவு 9.6 வோல்ட்டுக்கும் கீழே விழுந்தால் பேட்டரி நலிந்துவிட்டது எனலாம். ஆனால் அதன் முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ படிவு உள்ளதா, இணைப்பு தளர்ந்துள்ளதா என்பதை முன்னரே பார்த்துவிட வேண்டும்.

மூன்றாவதாக, எஞ்சின் ஓடும்போது அளக்க வேண்டும். 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் நலமாக உள்ளது. அளவு உயராமல் 12 வோல்ட்டை ஒட்டியே நின்றால், ஆல்டர்னேட்டரோ பெல்ட்டோ பழுதுபட்டிருக்கலாம். 15-ஐத் தாண்டினால் மிகையான மின்னேற்றம் பேட்டரியையே கெடுத்துவிடும்.

ஓடும் காரில் பேட்டரி வடிவச் சிவப்பு விளக்கு எரிந்தால் அதைப் புறக்கணித்தல் கூடாது. மழை இரவில் முகப்பு விளக்கும் கண்ணாடித் துடைப்பானும் இயங்க, கார் நெரிசலில் ஊர்ந்து செல்கிறது. ஆல்டர்னேட்டர் நின்றுபோனால் இவை அனைத்தையும் பேட்டரி ஒன்றே தாங்க வேண்டும். சற்று நேரத்தில் விளக்குகள் மங்கும். கார் நடுச்சாலையில் நின்றுவிடும். அந்நிலையில் புதிய பேட்டரி வாங்கிப் பொருத்தினாலும் பயனில்லை, அதுவும் வெறுமையாகும். பல ஆயிரம் ரூபாய் வீணாகும்.

பேட்டரியின் அமிலம் தோலைச் சுடும். அதிலிருந்து வெளிவரும் ஐதரசன் வாயு தீப்பற்றக் கூடியது. ஆதலால் இச்சோதனைகளைப் பெரியவர்களே செய்தல் வேண்டும். மாணவர்கள் அருகிருந்து கற்கலாம்.

நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, பிறகே தீர்க்கும் வழியை நாட வேண்டும் என்பது 'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர் கூறும் நெறி. மருத்துவருக்குச் சொன்ன அந்நெறி, கார் பழுதுபார்ப்பவருக்கும் பொருந்தும்.

சிந்தித்து விடை எழுதுக:
1. எஞ்சின் ஓடும்போதும் மல்டிமீட்டர் 12.1 வோல்ட்டையே காட்டுகிறது. குறை குடத்திலா, குழாயிலா? காரணம் கூறுக.
2. நெடுநாள் நின்ற காரின் பேட்டரியை உடனே மாற்றுவது சரியா? உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.