கேப்டனுக்கு என்ன வயது?

ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்பல் கேப்டனுக்கு என்ன வயது?

1970களின் கடைசியில் பிரான்சின் கிரனோபிள் நகரத்துக் கணிதக் கல்வி ஆய்வாளர்கள் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் 97 பேரிடம் இதைக் கேட்டார்கள். 76 பேர் அந்த எண்களை வைத்தே ஒரு வயதைச் சொல்லிவிட்டார்கள். 26-ஐயும் 10-ஐயும் கூட்டினால் 36. கேப்டனுக்குப் பொருத்தமான வயதுதான்! (இந்த மாதிரிக் கேலிக் கணக்கு ஒன்றை 1840களிலேயே தங்கைக்கு எழுதி அனுப்பியவர், பிற்பாடு நாவலாசிரியராகப் புகழ்பெற்ற ஃப்ளாபெர்.)

பிள்ளைகளை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வகுப்பில் கேட்கும் கணக்குக்கு விடை கட்டாயம் உண்டு, வேண்டிய எண்கள் கேள்வியிலேயே இருக்கும், ஒன்றையும் மிச்சம் வைக்கக் கூடாது. யாரும் எழுதிவைக்காத இந்த விதிகளை அவர்கள் பிசகாமல் கற்றிருக்கிறார்கள். 'மொத்தம்' என்று வந்தால் கூட்டு, 'மீதம்' என்று வந்தால் கழி என்று டியூஷனில் சொல்வதும் இதே பாடம்தான்.

1983-ல் அமெரிக்காவின் தேசிய அளவிலான தேர்வில் 13 வயதுப் பிள்ளைகளுக்கு வந்த கணக்கு இது: ஒரு ராணுவப் பேருந்தில் 36 வீரர்கள் போகலாம், 1,128 வீரர்களுக்கு எத்தனை பேருந்துகள் வேண்டும்? சுமார் 70 சதவீதம் பேர் வகுத்தலைச் சரியாகவே செய்தார்கள். ஆனால் 29 சதவீதம் பேர் எழுதிய விடை, '31, மீதி 12'. இன்னும் 18 சதவீதம் பேர் வெறும் 31 என்றார்கள். பாவம், அந்த 12 வீரர்கள் நடந்துதான் போகவேண்டும். 32 என்றவர்கள் 23 சதவீதமே.

பெரியவர்களானால் இது சரியாகிவிடுமா? பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆலன் ஷோன்ஃபெல்ட், கல்லூரி, உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கணக்குப் போடுவதை வீடியோ எடுத்து நிமிடவாரியாகப் பிரித்துப் பார்த்தார். பழக்கமில்லாத கணக்குகளில் சுமார் 60 சதவீத முயற்சிகள் ஒரே மாதிரி இருந்தன. கேள்வியைப் படித்ததும் சட்டென்று ஒரு வழியைப் பிடித்துக்கொண்டு, அது எங்கே போகிறது என்று திரும்பிப் பாராமல் கடைசிவரை ஓடினார்கள். அவர் கவனித்த கணிதப் பேராசிரியர் ஒருவருக்கு வடிவியல் விதிகள் மாணவர்கள் அளவுக்குக்கூடப் பசுமையாக நினைவில் இல்லை. அவருக்கும் தப்பான யோசனைகள் நிறையவே வந்தன. ஆனால் பாதிக்கு மேற்பட்ட நேரத்தைக் கேள்வியைப் புரிந்துகொள்வதில் செலவிட்டு, தேறாத யோசனைகளை அவ்வப்போது தயங்காமல் கைவிட்டார். கணக்கை முடித்தவர் அவர்தான்.

பள்ளி மாணவர்களிடம் ஷோன்ஃபெல்ட் கேட்ட இன்னொரு கேள்வி: எவ்வளவு நேரம் முயன்றபின் ஒரு கணக்கைப் போட முடியாது என்று விட்டுவிடலாம்? சராசரி பதில், சுமார் 12 நிமிடம்.

அவருடைய கல்லூரி வகுப்பில் மாணவர்கள் குழுக்களாக உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள். அவர் சுற்றிவந்து மூன்று கேள்விகள் கேட்பார். இப்போது என்ன செய்கிறாய்? ஏன் செய்கிறாய்? அது எப்படி உதவும்? முதலில் மாணவர்கள் திணறினார்கள். மனிதர் விடப்போவதில்லை என்று தெரிந்ததும், அவர் வருவதற்குள் தங்களுக்குள்ளேயே கேட்டுப் பதிலைத் தயாராக வைக்கத் தொடங்கினார்கள். அந்த வகுப்பு முடிந்தபோது கண்மூடித்தனமாக ஓடிய முயற்சிகள் 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கியிருந்தன.