இரவு இரண்டு மணி இன்ஸ்பெக்ஷன்



சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து வெளியே வரும்போது, நெடுநாளைய நண்பர் ஒருவர் என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார்.

"உங்க அக்காவைக் கடைசியிலே எங்கே வச்சுப் பார்த்தீங்க சார்? என் மாமியாருக்கு இனிமே வைத்தியம் இல்லைன்னு டாக்டர் கையை விரிச்சுட்டார். ரெண்டு மூணு இடம் சொல்றாங்க. எது நல்ல இடம்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

வாசலில் நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல அது. தவிர, அந்தக் கேள்வியில் நான் ஒருமுறை தோற்றவன். எனவே, நம் உறுப்பினர்கள் எல்லோருக்கும் பயன்படட்டும் என்று விரிவாகவே எழுதுகிறேன்.

ரயில்வேயில் 36 ஆண்டுகள் இருப்புப்பாதைப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். மழைக்காலத்தில் இரவு முழுதும் பாதையில் நடந்து பார்க்க பேட்ரோல்மேன் உண்டு. அவர் கையில் ஒரு புத்தகம் இருக்கும். எத்தனை மணிக்கு எந்த இடத்தைக் கடந்தார் என்பதற்கு அதில் கையெழுத்து இருக்க வேண்டும். ஒரு மழை இரவில் திடீரென்று போய்ப் பார்த்தேன். புத்தகத்தில் எல்லாக் கையெழுத்தும் சரியாக இருந்தன. ஆனால் அந்த மனிதரின் பூட்ஸ் காய்ந்திருந்தது! அன்று முதல், புத்தகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பூட்ஸைப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன்.

அப்படிப்பட்ட நான், சொந்த அக்கா விஷயத்தில் பூட்ஸைப் பார்க்க மறந்தேன்.

என் அக்கா ஜோலார்பேட்டையில் இருந்தவர். கணவர் இல்லை. ஒரே மகன் வெளிநாட்டில். கர்ப்பப்பையில் புற்றுநோய் என்று தெரிந்து பெங்களூருக்கு அழைத்து வந்து வைத்தியம் பார்த்தோம். 2023-ஆம் ஆண்டில் நோய் எலும்பு வரை பரவிவிட்டது, இனி குணப்படுத்த வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். என் மனைவிக்கு முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சை ஆகியிருந்த சமயம். வீட்டில் வைத்துப் பார்க்க முடியவில்லை. நகருக்கு வெளியே ஒரு தனியார் இல்லத்தைப் போய்ப் பார்த்தேன். பளபளக்கும் டைல்ஸ் தரை, வாசலில் பிள்ளையார், கணினியில் பதிவு. பகல் பதினொரு மணிக்குப் போய் அரைமணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, திருப்தியோடு முன்பணம் கட்டினேன்.

மூன்றாம் நாள் விடிகாலையிலேயே போனேன். அக்கா போர்வை நுனியை வாயில் கவ்விக்கொண்டு படுத்திருந்தார். "தம்பி, தாங்கலடா" என்றார். பக்கத்துப் படுக்கை அம்மாள், "ராத்திரி பூரா அழுதாங்க. பெல் அடிச்சு அடிச்சுப் பார்த்தோம், யாரும் வரல்லே" என்றார். கட்டிலின் காலில் தொங்கிய சார்ட்டை எடுத்துப் பார்த்தேன். 'ஸ்லெப்ட் வெல்' என்று எழுதியிருந்தது. இரவு பத்து, இரண்டு, ஆறு மணி என்று மூன்று பதிவுகள். மூன்றும் ஒரே மையில், ஒரே மூச்சில் எழுதியவை. காய்ந்த பூட்ஸ்!

வலிக்கு அங்கே சாதாரண ஊசிதான் இருந்தது. அதுவும் மருந்து அலமாரியின் சாவி காலை ஒன்பது மணிக்கு வரும் டாக்டரிடம். அன்றே அக்காவை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன்.

சத்திரம் என்று பொருள்

அதன் பிறகுதான் இந்த விஷயத்தைப் படிக்கவும் விசாரிக்கவும் தொடங்கினேன். ஹாஸ்பிஸ் என்ற சொல்லுக்குப் பழைய பொருள் வழிப்போக்கர் தங்கும் சத்திரம். இன்றைய பொருளில் அதற்கு வடிவம் கொடுத்தவர் லண்டனில் 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் திறந்த டாக்டர் சிசிலி சாண்டர்ஸ். நர்ஸாகவும் சமூக சேவகியாகவும் இருந்து, பிறகு மருத்துவம் படித்தவர். உடல் வலி, மன வேதனை, குடும்பக் கவலை, 'எனக்கு ஏன் இப்படி' என்ற தவிப்பு, எல்லாம் சேர்ந்ததே நோயாளியின் முழு வலி என்பது அவர் கொள்கை.

நம் நாட்டில் 1986-இல் மும்பையில் சாந்தி அவேத்னா சதன் வந்தது. 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபால் முதலானோர் வலி தணிப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். நம் பெங்களூரில் 1994-இல் இந்தியப் புற்றுநோய்ச் சங்கத்தின் கர்நாடகக் கிளையும் இந்திரா நகர் ரோட்டரி சங்கமும் சேர்ந்து பெங்களூர் ஹாஸ்பிஸ் டிரஸ்டை அமைத்தன. முதலில் வீடு தேடிப் போய்ப் பார்க்கும் சேவை. பிறகு 1999-இல் மாரத்தஹள்ளியில் 'கருணாஷ்ரயா' இல்லம். குணப்படுத்தும் கட்டத்தைக் கடந்த புற்றுநோயாளிகளுக்கு மட்டும் இடம். கட்டணம் கிடையாது.

கருணாஷ்ரயாவின் வீட்டுச் சேவைக் குழுவினர்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வந்த நர்ஸ் பெண் மலையாளம் கலந்த தமிழில் அக்காவிடம் முதலில் கேட்டது, "அம்மே, வலி எத்தனை? பத்துக்கு எத்தனை மார்க் போடும்?" என்பதுதான். அக்கா மூன்றாம் வகுப்போடு நின்றவர். மார்க் கணக்கு அவருக்குப் பிடிபடவில்லை. "ரூபாய்க்குப் பதினாலணா வலி" என்றார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. அணா என்றால் என்ன என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதையே நோட்டில் எழுதிக்கொண்டார். மறுமுறை வந்தபோது, "இன்னிக்கு எத்தனை அணா?" என்றே கேட்டார். "ஆறணா" என்றார் அக்கா. அடுத்த வாரம் நாலணா.

பிறகு மூச்சுத் திணறல் வந்ததும் இல்லத்திலேயே சேர்த்தோம். கல் சுவரும் நடுவில் தண்ணீர்த் தடாகமும் மரங்களும் உள்ள அழகான இடம். ஆனால் இந்த முறை நான் அழகைப் பார்க்கப் போகவில்லை. இரவு இரண்டு மணிக்கு விழித்திருந்து பார்த்தேன். அக்கா முனகிய உடனே ஒரு காலடிச் சத்தம் கேட்டது. அதுதான் எனக்குத் தேவைப்பட்ட சான்று. பதினோராம் நாள் அதிகாலை, என் கையைப் பிடித்தபடியே அக்கா போய்ச் சேர்ந்தார். வாயில் போர்வை நுனி இல்லை.

மார்ஃபின் பற்றிய பயம்

வலி குறைந்ததற்குக் காரணம் வாய்வழி மார்ஃபின். உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே புற்றுநோய் வலிக்கு முறை வகுத்துவிட்டது: கூடுமானவரை வாய்வழியாகக் கொடு, கடிகாரத்தைப் பார்த்துக் கொடு, வலியின் அளவுக்கேற்பப் படிப்படியாக ஏற்று. 'கடிகாரத்தைப் பார்த்து' என்பதுதான் முக்கியம். சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை ஏறத்தாழ நான்கு மணி நேரம். வலி வந்து நோயாளி கத்திய பிறகு கொடுப்பது முறையல்ல. அடுத்த வலி வருமுன் அடுத்த வேளை மருந்து போக வேண்டும். இடையில் வலி எகிறினால் கொடுக்கத் தனியாக ஒரு வேளையும் எழுதியிருக்க வேண்டும். மலச்சிக்கல் கட்டாயம் வருமாதலால் அதற்கும் கூடவே மருந்து.

"மார்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார்களாமே?" என்று எங்கள் உறவினர் கேட்டார். பயிற்சி பெற்ற டாக்டர் வலிக்குத் தக்கபடி அளவை ஏற்றிக் கொடுக்கும்போது அது உயிரைக் குறைப்பதில்லை. வலியைத்தான் குறைக்கிறது.

மருத்துவத்துக்கான அபினை அரசு லைசென்ஸோடு பயிரிடும் நாடு நம்முடையது. ஆனால் 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்துக்குப் பின், ஒரே மருந்துக்குப் பல லைசென்ஸ்கள் வாங்க வேண்டியிருந்ததால் பெரும்பாலான ஆஸ்பத்திரிகள் மார்ஃபினையே கைவிட்டன. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அங்கீகாரம் பெற்ற நிறுவனம் அதை வைத்துக்கொள்ளலாம். ஆகவே 'சட்டம் விடுவதில்லை' என்று ஓர் இல்லம் இன்று சொன்னால், அது சரியான பதில் அல்ல.

என்ன கேட்க வேண்டும்?

இங்கிலாந்தில் ஹாஸ்பிஸ்களைச் சோதிக்கும் அரசு அமைப்பு ஐந்து விஷயங்களைப் பார்க்கிறது: பாதுகாப்பு, பலன், பரிவு, தேவைக்கேற்ற கவனிப்பு, நிர்வாகம். அமெரிக்காவில் 2015 முதல், இறந்தவரின் குடும்பத்தாரிடம் வினாத்தாள் அனுப்பிக் கேட்கிறார்கள். மாலையிலும் விடுமுறை நாட்களிலும் உதவி கிடைத்ததா என்பது அதில் ஒரு கேள்வி. நம் நாட்டிலும் வலி தணிப்பு மருத்துவர்கள் சேர்ந்து குறைந்தபட்சத் தரப் பட்டியல் ஒன்றை வகுத்திருக்கிறார்கள். வலியை அளந்து எழுதுவதும், வாய்வழி மார்ஃபின் தட்டுப்பாடின்றி இருப்பதும் அதில் இடம்பெற்றுள்ளன. இவற்றையும் என் அனுபவத்தையும் சேர்த்து, நண்பருக்கு நான் எழுதிக் கொடுத்த பட்டியல் இது:

1. வாய்வழி மார்ஃபின் இருக்கிறதா? இரவில் அதன் சாவி யாரிடம்? டாக்டர் இல்லாத நேரத்தில் கொடுப்பதற்கு முன்கூட்டியே உத்தரவு எழுதி வைக்கிறார்களா?

2. வலியை எண்ணாகவோ வேறு அளவாகவோ ஒவ்வொரு வேளையும் எழுதுகிறார்களா? மருந்து கொடுத்த பிறகு மறுபடி கேட்டு எழுதுகிறார்களா? முதல் பதிவு எல்லா இடத்திலும் இருக்கும். இரண்டாவது இருக்கும் இடமே நல்ல இடம்.

3. இரவில் எத்தனை நோயாளிக்கு எத்தனை பயிற்சி பெற்ற நர்ஸ்? உடனிருந்து துணை செய்யும் ஆயா வேறு, நர்ஸ் வேறு.

4. நோயாளியின் மொழி தெரிந்தவர் உண்டா? ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வைத்தியத்துக்கு இங்கே வரும் நம் மக்கள் பலருக்குக் கன்னடமும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. வலியைச் சொல்ல முடியாதவருக்கு வலி மருந்தும் கிடைக்காது.

5. நிலைமை மோசமானால் என்ன செய்வார்கள்? அங்கேயே வைத்துப் பார்ப்பார்களா, ஆம்புலன்ஸில் ஏற்றி ஐ.சி.யு.வுக்கு அனுப்பிவிடுவார்களா? இதைச் சேர்க்கும் நாளன்றே கேட்க வேண்டும்.

6. கட்டணம் உண்டென்றால் எதற்கெல்லாம்? எழுத்தில் தருவார்களா?

7. அண்மையில் அங்கே ஒருவரை இழந்த குடும்பத்தோடு பேச முடியுமா? இறந்த பிறகு அந்தக் குடும்பத்தை யாராவது விசாரித்தார்களா?

கடைசியாக ஒன்று. பகலில் ஒருமுறை பாருங்கள், இரவில் ஒருமுறை போய் நில்லுங்கள். இரவில் உள்ளே விடமாட்டோம் என்றால், உடன் தங்க ஒருவருக்கு அனுமதி உண்டா என்று கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் யோசியுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஒரு நாள் தாமதத்தை வைத்து ஓர் இடத்தையே குறை கூறிவிடக் கூடாது. எந்தப் பாதையிலும் பழுது வரும். பழுதை ஒப்புக்கொண்டு, எழுதி, சரி செய்கிறார்களா என்பதே கேள்வி. அக்கா முதலில் இருந்த இல்லத்தில் என்னை வருத்தியது வலி மருந்து இல்லாதது மட்டுமல்ல. அவர் நன்றாகத் தூங்கினார் என்று எழுதி வைத்ததே அதிகம் வருத்தியது.

நண்பர் அந்தப் பட்டியலோடு இரண்டு இடங்களுக்குப் போனார். ஓரிடத்தில் மூன்றாவது கேள்வியிலேயே மானேஜருக்குக் கோபம் வந்துவிட்டதாம். மற்ற இடத்தில் உட்கார வைத்து, நோட்டையே திறந்து காட்டினார்களாம். மாமியாரை எங்கே சேர்த்தார் என்று சொல்லத் தேவையில்லை.

நம் சங்க அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய இல்லங்களில் தமிழ் மட்டுமே தெரிந்த நோயாளிகள் இருந்தால், வாரத்தில் ஒரு மணி நேரம் போய்ப் பேசிவிட்டு வர முடியுமா என்று நிர்வாகத்தைக் கேட்டுப் பாருங்கள். எத்தனை அணா வலி என்று அவர்கள் சொன்னால், அதை நர்ஸுக்குச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.