டிப்ஸ் கருணை, ஊதியம் உரிமை

குறிஞ்சிப்பாடியிலோ சிதம்பரத்திலோ ஓர் உணவகத்தில் சாப்பிட்டு முடித்ததும், பில் வைத்த தட்டில் பத்து ரூபாயை விட்டு எழுவது நம்மில் பலருக்குப் பழக்கம். முகம் மலரப் பரிமாறினால் இருபது. சாம்பார் வரத் தாமதமானால் ஒன்றுமில்லை. சேவைக்கேற்ற டிப்ஸ் என்று இதனை நியாயப்படுத்துகிறோம். அந்த நியாயத்தைச் சட்டத்தின் முன்னும் சாதியின் முன்னும் நிறுத்திப் பார்ப்போம்.

உணவகத் தொழிலாளிக்குக் குறைந்தபட்ச ஊதியம் தருவது முதலாளியின் சட்டக் கடமை. அதற்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆம் உறுப்பு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று, ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டிப்ஸ் கிடைக்கிறதே என்று சொல்லி முதலாளி இக்கடமையிலிருந்து தப்ப முடியுமா? 2016இல் ஐடிசி நிறுவனத்தின் வருமான வரி வழக்கில், வாடிக்கையாளர் தரும் டிப்ஸ் முதலாளி தரும் சம்பளம் ஆகாது என்று அதே நீதிமன்றம் கூறியது. வரி வழக்கே எனினும் அதன் அடிப்படை தெளிவானது: கொடுப்பவர் வேறு, கடமைப்பட்டவர் வேறு.

சேவையின் தரத்தையும் இவ்வாறே பிரித்துப் பார்க்க வேண்டும். பத்து மேசைக்கு ஒரே சர்வரை நிறுத்தியவர் முதலாளி. தாமதத்திற்கான தண்டனையோ சர்வருக்கு. முகமலர்ச்சி, பணிவு என்று நாம் இடும் மதிப்பெண்ணில் பேச்சு வழக்கும் நிறமும் சாதிய எதிர்பார்ப்பும் கலந்திருக்கக்கூடும். அதற்கு மேல்முறையீடு கிடையாது.

தட்டில் விழும் காசு, எச்சில் இலை எடுப்பவருக்கும் பாத்திரம் கழுவுபவருக்கும் பெரும்பாலும் சென்று சேர்வதில்லை. யார் பரிமாறுவது, யார் கழுவுவது என்பதைச் சாதி தீர்மானிக்கும் இடத்தில், டிப்ஸும் சாதிவழியே பங்கிடப்படுகிறது. வடலூரில் வள்ளலார் 1867இல் தொடங்கிய தருமச்சாலை, உண்பவரின் சாதியைக் கேட்காத பந்தியை இம்மண்ணுக்குக் காட்டியது. உணவகத்தினுள் நுழையும் உரிமையை அரசமைப்பின் 15(2)ஆம் உறுப்பு உறுதிசெய்தது. உண்பவருக்குச் சட்டம் தந்த சமத்துவம் உழைப்பவரையும் எட்ட வேண்டும்.

அமெரிக்க வரலாறு நமக்கோர் எச்சரிக்கை. அடிமைமுறை ஒழிந்தபின், விடுதலை பெற்ற கறுப்பின மக்களை உணவகங்களும் இரயில் நிறுவனங்களும் அற்பக் கூலிக்கு அமர்த்தி, டிப்ஸை நம்பி வாழவிட்டன. டிப்ஸ் பெறும் தொழிலாளிக்கு முதலாளி நேரடியாகத் தரவேண்டிய தொகையை, கூட்டாட்சிச் சட்டம் 1991 முதல் மணிக்கு 2.13 டாலராகவே வைத்துள்ளது.

ஆகவே டிப்ஸ் கொடுக்க வேண்டாம் என்பதல்ல நம் வாதம். கொடுப்பதைத் தொழிலாளியின் கையில் கொடுப்போம்; கழுவுமிடத்தில் நிற்பவரையும் நினைப்போம். நல்ல சேவைக்கு நன்றியாகக் கூடுதலாகத் தரலாம். குறையிருந்தால் நிர்வாகத்திடம் சொல்லலாம். டிப்ஸை அபராதமாக்கக் கூடாது. பில்லில் சேவைக் கட்டணம் தானாகச் சேர்க்கப்பட்டிருந்தால் நீக்கச் சொல்லலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல் அதனைத் தடைசெய்கிறது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதனை உறுதிப்படுத்தியது. புகார் எண் 1915.

மாணவர்களும் இயக்கத் தோழர்களும் செய்ய வேண்டிய பெரும்பணி வேறு. தம் ஊர் உணவகத் தொழிலாளர்களிடம் பேசி, ஊதியத்தையும் வேலை நேரத்தையும் குறித்துக்கொண்டு, அவர்கள் ஒப்புதலோடு தொழிலாளர் துறையிடம் மனு அளிக்கலாம். பத்து ரூபாய் ஒருவேளைத் தேநீருக்கு உதவும். குறைந்தபட்ச ஊதியம் ஒரு குடும்பத்தை நிமிரச் செய்யும்.